கார் கூரையில் சைக்கிள்: எந்த கேரியர், என்ன ஆபத்து?

ரூஃப் கேரியர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "வழியில் கழன்று விழாதே?" என்றுதான். ஒழுங்காகப் பூட்டினால் விழாது. அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. கூரை மேல் இருப்பது ஓட்டுகிறவர் கண்ணில் படுவதே இல்லை. நெடுந்தூரம் ஓட்டிக் களைத்து வருகிறவர், கை பழகிய பழக்கத்தில் காரை நேராக ஷெட்டுக்குள் விட்டுவிடுவார்.

கார் 1.5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கூரையில் குறுக்கே பூட்டும் குறுக்குக் கம்பியும், சைக்கிள் சக்கரம் நிற்கும் தட்டும் சேர்ந்து 10 முதல் 15 செ.மீ. அதன் மேல் நிற்கும் சைக்கிள் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். மொத்தம் 2.7 மீட்டரை நெருங்கிவிடும். அடித்தள பார்க்கிங்குகள் பலவற்றில் 2 மீட்டரைக் கொஞ்சம் தாண்டித்தான் மேல்தளம் இருக்கும். நடைவேகத்தில் இடித்தாலே போதும். உத்தரத்தில் மோதும் ஹேண்டில்பார் கூரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே இருப்பதால், சைக்கிள் அப்படியே நெம்புகோலாகிவிடுகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க் ஒடியும், குறுக்குக் கம்பியின் பாதம் கூரைத் தகட்டை உள்ளே அழுத்தும், கதவு விளிம்பில் மாட்டும் வகையானால் கதவுச் சட்டமும் வளையும். கார்பன் ஃபைபர் ஃபிரேமில் வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே பிளந்திருக்கலாம். இடிபட்ட கார்பன் சைக்கிளைத் தெரிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை ஓட்டக் கூடாது.

இதிலிருந்து காப்பாற்றும் கருவி எந்த கேரியரோடும் வருவதில்லை. ஏற்றி முடித்ததும் தரையிலிருந்து உச்சிவரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஷெட் கதவின் ரிமோட்டை எடுத்து டிக்கியில் ஹெல்மெட்டுக்குள் போடுங்கள். கிளம்பும் முன் ஷெட் வாசலில் ஒரு குப்பைத்தொட்டியை நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது இறங்கித்தான் ஆக வேண்டும். மூன்றில் கடைசிதான் சிறந்தது. நினைவை நம்பி இராத வழி அது ஒன்றுதான்.

இனி வகைகள். முன் சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கைப் பூட்டும் வகை எடை குறைவு, ஆட்டமும் குறைவு. ஹேண்டில்பாரும் ஒரு சாண் அளவுக்குத் தாழும். ஆனால் சக்கர அச்சான ஆக்சிலின் அளவு பொருந்த வேண்டும். லீவரைத் திறந்து சக்கரத்தைக் கழற்றும் பழைய குயிக் ரிலீஸ் ஃபோர்க்குக்கு விட்டம் 9 மி.மீ., அகலம் 100. புதியவற்றில் 12×100, 15×100, 15×110 என்று ஆளுக்கொரு அளவு. அடாப்டர் இல்லாமல் திணித்துப் பூட்டினால் ஃபோர்க்கின் நுனி தேயும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் சைக்கிளில் இன்னொரு கவனம்: சக்கரத்தைக் கழற்றிய கையோடு, டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் அடைப்பைச் செருக வேண்டும். ஏற்றும்போது பிரேக் லீவரில் கை பட்டால் இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும். போய்ச் சேர்ந்த இடத்தில் டிஸ்க் உள்ளே நுழையாது.

இரண்டாவது, சக்கரங்களை அப்படியே வைத்து ஃபிரேமின் கீழ்க்குழாயைக் கவ்வும் வகை. தூலே நிறுவனத்தின் புரோரைட் 598 இதற்கு நல்ல உதாரணம். 20 கிலோ வரை தாங்கும். உருண்டைக் குழாயானால் 80 மி.மீ. வரை, நீள்வட்டமானால் 80×100 வரை கவ்வும். திருகும் குமிழ் போதுமான இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று நின்றுவிடும். அது பெரிய வசதி. கார்பன் குழாய் நீளவாக்கில் எவ்வளவோ தாங்கும், பக்கவாட்டில் நசுக்கினால் தாங்காது. இந்தக் குமிழ் இல்லாத மலிவு வகையில் கார்பன் சைக்கிளை ஏற்றவே வேண்டாம். அலுமினியமானாலும் கவ்வும் முன் குழாயையும் ரப்பர் தாடையையும் ஈரத்துணியால் துடையுங்கள். நடுவில் சிக்கிய மணல், வண்டி அதிர அதிர, உப்புத்தாள் போலப் பெயின்டைத் தேய்த்தெடுக்கும்.

மூன்றாவது வகை முன் சக்கரத்தை மட்டும் பிடிக்கும், ஃபிரேமைத் தொடாது. கார்பனுக்கு இதுதான் சரி. மட்கார்டு இருந்தால் இடிக்கும். கேரியரின் எடையும் கூடுதல், ஒன்றே 7 கிலோவுக்கு மேல் போகும். கூரையின் தாங்குதிறன் சிறிய கார்களில் 50 கிலோவாகவும் இருக்கும், மற்றவற்றில் 75 கிலோ பரவலாகக் காணலாம். அதில் கம்பியும் கேரியரும் அடக்கம் என்பதைப் பலர் மறக்கிறார்கள். கம்பி 6 கிலோ, இந்த கேரியர் இரண்டு 15, சைக்கிள் இரண்டு 30 என்றால் 51. சிறிய காரில் எல்லை தாண்டிவிட்டது. அதே இரண்டு சைக்கிளை 4 கிலோ கேரியர்களில் ஏற்றினால் 44. காரின் கையேட்டில் உள்ள எண்ணைப் பார்க்காமல் கேரியர் வாங்காதீர்கள். மின்சார சைக்கிள்கள் பலவும் 20 கிலோவைத் தாண்டும். பேட்டரியைக் கழற்றினாலும் தலைக்கு மேல் தூக்குவது இடுப்புக்கு நல்லதல்ல. அதைக் கூரைக்கே கொண்டுபோகாதீர்கள்.

உறிஞ்சு கப் வகை சுத்தமான, வழவழப்பான தகட்டில் மட்டுமே பிடிக்கும். வழியில் நிறுத்தும்போதெல்லாம் கப்பிலிருந்து காற்றை வெளியேற்றும் பம்பைப் பார்க்க வேண்டும். நெடும்பயணத்துக்கு என் சிபாரிசில் இது இல்லை.

எந்த வகையானாலும் பின் சக்கரப் பட்டை டயரை மட்டும் சுற்றாமல் ரிம்மையும் சேர்த்துச் சுற்றியிருக்க வேண்டும். மிச்ச நுனியைச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் பாட்டில், பம்ப், பை, குழந்தை சீட், மீட்டர் எல்லாம் காருக்குள் போகட்டும். மழைக்கு உறை போடாதீர்கள். அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக் கேரியரையே பெயர்த்துவிடும். முதல் இருபது கிலோமீட்டரில் நிறுத்தி ஒவ்வொரு சைக்கிளையும் கையால் அசைத்துப் பாருங்கள். சைக்கிளோடு சேர்ந்து காரும் ஆடினால் சரி, சைக்கிள் மட்டும் ஆடினால் போல்ட்டை இறுக்க வேண்டும். 80 கி.மீ. வேகத்திலிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எரிபொருளும் அதற்கேற்பப் போகும், பக்கக் காற்றில் கார் இழுக்கும்.

பின்கதவை முதல்முறை திறக்கும்போது மெதுவாகத் திறங்கள். பின் சக்கரத்தில் இடிக்கிறதென்றால் தட்டை முன்னால் நகர்த்திப் பூட்டலாம். கேரியர் பழையதாக வாங்குகிறீர்கள் என்றால் பட்டைகளை மடித்துப் பாருங்கள். வெயிலில் வெளுத்து மடிப்பில் வெடிப்புத் தெரிந்தால், உரிய உதிரிப் பட்டை கிடைக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.