ஒரு துவரைக்கு எத்தனை கடலை?

காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் புஞ்சையில் ஆடிப் பட்டத்து நிலக்கடலை. எங்கள் பக்கத்துக் கொல்லை அண்ணன் கடலைச் சால்களைக் குறைக்காமல், ஆறு சாலுக்கு ஒருமுறை நடுவில் துவரையை ஊன்றிவிடுவார். "இதால கடலை எம்புட்டுக் குறையும் தம்பி?" என்று போன வாரம் கேட்டார். இதற்கு மூன்று விதமாகக் கணக்குப் போடலாம்.

மாற்றீட்டு முறை, 1960-இல் நெதர்லாந்துக்காரர் டி விட் எழுதியதிலிருந்து பரவியது. மொத்தச் செடி எண்ணிக்கை மாறாது. கடலையை எடுத்த இடத்தில் துவரை. வரைபடம் அழகாக விழும். ஆனால் சாலுக்குச் சால் 30, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் விட்டால் சதுர மீட்டருக்கு 33 கடலை நிற்கும். அங்கே 33 துவரையை யார் வைப்பது? அடர்த்தியை மாற்றினால் எது ஜெயிக்கிறது என்ற முடிவும் மாறலாம்.

கூட்டல் முறையில் கடலை அப்படியே இருக்கும், துவரை மட்டும் ஏறும். அண்ணன் செய்வதே இதுதான், அவர் கேள்விக்கு நேர் பதிலும் இதுதான். களை ஆய்வில் கசன்ஸ் 1985-இல் காட்டிய வளைவு இங்கே கைகொடுக்கும்: முதலில் வரும் சில செடிகள்தான் தலைக்கு அதிகம் தின்னும், பிறகு வருபவை தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். குறை ஒன்று உண்டு. நெருக்கம் கூடியதால் விளைச்சல் குறைந்ததா, வந்தது துவரை என்பதாலா என்று பிரிக்க முடியாது.

எனக்குப் பிடித்தது 1983-இல் ஸ்பிட்டர்ஸ் சொன்ன முறை. இரண்டு பயிரின் அடர்த்தியையும் மாற்றி மாற்றி வைத்து, ஒரு கடலைச் செடியின் எடையைத் தலைகீழாக்கினால் (ஒன்றை எடையால் வகுத்தால்) நேர்கோடு கிடைக்கும். சதுர மீட்டருக்கு ஒரு செடி கூடினால் அந்தத் தலைகீழ் எண் கடலைக்கு 0.002, துவரைக்கு 0.012 ஏறுவதாக வைத்துக்கொள்வோம். கடலையைப் பொறுத்தவரை ஒரு துவரை ஆறு கடலைக்குச் சமம். நெருக்கமும் இனமும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். பாத்திகள் நிறைய வேண்டும், அதுதான் தொல்லை. அப்புறம் மயில். விதைத்த எண்ணிக்கையை நம்பக்கூடாது, அது கிளறியது போக நிற்பதை எண்ணித்தான் போட வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு சிக்கல். கடலையை நூறு நாள் தாண்டிப் பிடுங்கிய பின், ஐப்பசி மழையில் துவரை தனியாக வளர்ந்து தை வரை நிற்கிறது. கடைசி எடையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

சரி, அண்ணனுக்கு? ஒரு ஓரத்தில் பத்துச் சால் துவரையில்லாமல் விடச் சொல்லியிருக்கிறேன். தனிக் கடலை என்ன காய்க்கிறது என்று தெரியாமல் எந்தக் கணக்கையும் தொடங்க முடியாது.