அசிட்ரோமா, அபிக்ஸபானா? ஏ.எஃப். உள்ளவர்களுக்கு எது தோது

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்.) என்பது இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோய். இதில் படபடப்பைவிடப் பக்கவாதத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் துடிதுடிப்பதால், இடது மேலறையை ஒட்டிய சின்னப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி நழுவினால் மூளைக்குப் போய் அடைக்கும். இதைத் தடுக்க ஆஸ்பிரின் மட்டும் போதாது. ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளில் அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற பழையவையா, அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டபிகாட்ரான் போன்ற புதியவையா என்பதுதான் கேள்வி.

இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு ஓரளவுக்கு மேல் சுருங்கியவர்களுக்கும் இந்தக் கேள்வியே எழாது, பழைய மாத்திரைதான். 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் இதய நோயாளிகளில் ரிவராக்ஸபான் எடுத்தவர்களிடம்தான் இறப்பு அதிகம். நம் நாட்டில் இந்த வால்வு நோய் இன்னும் இருக்கிறது. எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் மாத்திரையை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு என் தேர்வு அபிக்ஸபான். 2011இல் வெளியான அரிஸ்டாட்டில் ஆய்வில் 18,201 பேரிடம் வார்ஃபரினோடு ஒப்பிட்டார்கள். ரத்தக்கட்டி உடலில் வேறிடம் அடைப்பதையும் சேர்த்துப் பக்கவாதம் 21 சதவீதம் குறைந்தது, பெரிய ரத்தக்கசிவு 31 சதவீதம் குறைந்தது. ஆனால் வீட்டில் தினமும் உணரக்கூடிய வித்தியாசம் பராமரிப்பில்தான்.

பழைய மாத்திரையில், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் 2க்கும் 3க்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. அளவு நிலைக்கும்வரை சில நாளுக்கொருமுறை, பிறகு ஏறக்குறைய மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் கீரையே இல்லை என்றால் எண் ஆடும். கீரையை விடத் தேவையில்லை. ஒரே அளவில் சாப்பிட வேண்டும். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், படைக்கு ஃப்ளூகோனசோல் என்று எது எடுத்தாலும் ஐ.என்.ஆர். எகிறும், மூன்று, நான்கு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். மாத்திரை விலை குறைவுதான். லேப் செலவு, பஸ் செலவு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி எல்லாம் கூட்டினால் அந்த மலிவு கரைந்துவிடும்.

அபிக்ஸபானுக்கு ஐ.என்.ஆர். வேண்டாம், கீரைக் கணக்கும் வேண்டாம். 5 மி.கி., காலையும் இரவும். இங்கே நடக்கும் பெரிய தவறு, 'வயசானவர், மெலிந்தவர்' என்று 2.5 மி.கி. கொடுத்துவிடுவது. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல்: இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் பொதுவாக அளவைக் குறைப்பார்கள். 76 வயது, 50 கிலோ, கிரியேட்டினின் 1.1 உள்ள அம்மாவுக்கு ஒன்றுதான் பொருந்துகிறது. அவருக்கு 5 மி.கி.தான். குறைத்தால் பக்கவாதக் காப்பு குறையும். அவருடைய கிரியேட்டினின் கிளியரன்ஸ், அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், கணக்குப்படி சுமார் 34. இது 60க்குக் கீழ் இருப்பவர்கள் அந்த எண்ணைப் பத்தால் வகுத்தால், எத்தனை மாதத்துக்கொருமுறை சிறுநீரகப் பரிசோதனை என்று வரும். இவருக்கு மூன்று மாதம். டயாலிசிஸில் இருப்பவர்களை அரிஸ்டாட்டில் ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்கள் விஷயத்தில் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

புதியவற்றின் பலவீனம், வேகமாக இறங்குவது. வார்ஃபரின் ஒரு வேளை தவறினால் காப்பு உடனே போகாது. அபிக்ஸபான் ஒரு நாள் முழுக்க விட்டால் காப்பு ஏறக்குறையப் போய்விடும். மறந்தால் அதே நாளில் நினைவு வந்ததும் போடலாம், இரட்டிப்பாக வேண்டாம். அட்டையில் பத்து மாத்திரை மீதமிருக்கும்போதே அடுத்தது வாங்கிவிடுங்கள். மாத்திரையை அடிக்கடி மறப்பவர் என்றால் பழையதே பரவாயில்லை.

ரிவராக்ஸபான் ஒரு வேளைதான், ஆனால் 15, 20 மி.கி. மாத்திரைகளை வயிறு நிறையச் சாப்பிட்டுப் போட வேண்டும். வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சாது. டபிகாட்ரான் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே போகிறது, வயிற்றெரிச்சலும் தரும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் எந்த மாத்திரையோடும் ஆகாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் இரண்டு வகையும் வலுவிழக்கும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வார்ஃபரினிலிருந்து மாறும்போது இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. டாக்டர் சொன்ன நாளில் பழையதை நிறுத்தி, ஐ.என்.ஆர். 2க்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகுதான் அபிக்ஸபானின் முதல் மாத்திரை.