உப்புக்காற்றில் எந்தக் குழாய் நிற்கும்? ஜிஐ, பிவிசி, எச்டிபிஇ

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் வீடு என்றால், தெருவிலிருந்தோ கிணற்று மோட்டாரிலிருந்தோ வரும் தண்ணீர்க் குழாய்க்கு எதிரிகள் மூன்று: உப்புக்காற்று, உவர் மண், வெயில். மூன்றையும் ஒரே பைப் தாங்காது. மண்ணுக்குள் ஒன்று, சுவரில் ஒன்று என்று பிரித்துப் போடுவதுதான் சரி.

முதலில் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த காற்று இது; வீட்டு பைப்பை விட்டுவைக்காது. துத்தநாகப் பூச்சு சில காலம் காக்கும். ஆனால் டை போட்டு மரை வெட்டும் இடத்தில் பூச்சும் போகிறது, பைப்பின் சுவரும் மெலிகிறது. கசிவு பெரும்பாலும் கப்ளிங், எல்போ வாயில் தொடங்குவது அதனால்தான். உவர்நீர் ஓடினால் உள்ளே துருக்கட்டி வளர்ந்து அரை இஞ்ச் துளை சுருங்கும்; காலையில் முதல் குடம் செம்மண் நிறத்தில் வரும். பித்தளை வால்வை நேராக ஜிஐயில் முடுக்கினால், சேரும் இடத்தில் இரும்பு இன்னும் வேகமாக அரிபடும். வண்டியோ மாடோ இடிக்கும் மூலையில் மட்டும் ஜிஐ போடலாம். அங்கும் மஞ்சள் பட்டை போட்ட மெல்லிய ரகம் வேண்டாம், கனமான நீலமோ சிவப்போ வாங்குங்கள். முடுக்கிய பிறகு வெளியே தெரியும் மரைக்கு ஜிங்க் பெயின்ட் அடியுங்கள்.

பிவிசி துருப்பிடிக்காது, விலையும் குறைவு. அதற்கு எமன் வெயில். மொட்டைமாடியில் திறந்து கிடக்கும் பைப்பின் மேல்தோல் சுண்ணாம்பு பூத்தது போல வெளுக்கும். பிறகு ஏணி பட்டாலே உடையும். தண்ணீரில் கரைக்கும் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் அடித்தால் ஆயுள் கூடும். தின்னர் கலக்கும் பெயின்ட் பைப்பையே பாதிக்கும், வேண்டாம். ஒட்டும்போது இங்கே காற்றுதான் தொல்லை: மணல் வந்து ஒட்டும், சொல்யூஷனும் (பைப் ஒட்டும் பசை) சட்டென்று காயும். துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பைப்பிலும் சாக்கெட்டிலும் பூசி, உடனே உள்ளே தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் பிடித்திருங்கள். தண்ணீர் விடுவது மறுநாள்தான். வெந்நீர் லைனுக்குப் பிவிசி ஆகாது. வெந்நீர் தாங்கும் சிபிவிசி பைப்பும் அதற்கான சொல்யூஷனும் வேண்டும்.

மண்ணுக்குள் போகும் நீளத்துக்கு எங்கள் தேர்வு எச்டிபிஇ, அதாவது வளைந்து கொடுக்கும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் பைப். கருப்பு ரோல், அதில் நீலக்கோடு, ஐஎஸ் 4984 முத்திரை, வீட்டு இணைப்புக்கு 25 அல்லது 32 மி.மீ. கார்பன் பிளாக் கலந்திருப்பதால் வெயில் எளிதில் தின்னாது. ரோலாக வருவதால் இடையில் ஜாயின்ட் இல்லை. முத்திரை இல்லாத மலிவு ஓஸ் பழைய பிளாஸ்டிக்கை உருக்கியதாக இருக்கலாம், தொடாதீர்கள்.

இதில் தவறு நடப்பது பதிக்கும்போதுதான். மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பம் மாறினால் சுமார் 0.2 மி.மீ. நீளம் மாறும். நண்பகல் வெயிலில் 30 மீட்டர் ரோலை விறைப்பாக இழுத்து மூடிவிட்டால், மண்ணுக்குள் 20 டிகிரி ஆறியதும் ஏறக்குறைய 12 செ.மீ. சுருங்கப் பார்க்கும், கடைசி ஜாயின்ட்டைப் பிடுங்கும். பள்ளத்தில் வளைந்து நெளிந்து கிடக்கும்படி போட்டு, காலையில் மூடுங்கள். இரண்டடி ஆழம் போதும். டிராக்டர் போகும் பாதையில் மூன்றடி இறக்கி, பெரிய பைப்புக்குள் நுழைத்துவிடுங்கள். பாம்பன் தீவில் தோண்டினால் சிப்பியும் பவளக்கல்லும் வரும். அவற்றின் முனை ஒரே இடத்தில் அழுத்தினால் பைப் அங்கே கீறும். அடியிலும் மேலேயும் நான்கு இஞ்ச் சலித்த மணல் போட்ட பிறகே தோண்டிய மண்ணைத் தள்ளுங்கள்.

எச்டிபிஇயை இணைப்பது கம்ப்ரஷன் கப்ளிங், அதாவது நட்டை முடுக்கி இறுக்கும் இணைப்பு. அதற்குள் நுழைக்குமுன் முனையை நேராக வெட்டி, ஓரத்தைச் சாய்வாகச் சீவி, உள்ளே போகவேண்டிய ஆழத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். கோடு நட்டின் விளிம்பில் மறைந்தால்தான் ரப்பர் வளையத்தைத் தாண்டியது என்று அர்த்தம். வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் சொட்டும்.

மண்ணிலிருந்து சுவர் ஏறும் இடத்தில் எச்டிபிஇயை முடித்து, பிளாஸ்டிக் பால் வால்வு ஒன்று வைத்துப் பிவிசிக்கு மாறுங்கள். வால்வைத் தரைக்கு ஒரு அடி மேலே வையுங்கள். ரிப்பேர் வரும்போது கை போக இடம் வேண்டும்.