பைதான் தொடங்கும் பிள்ளைகளுக்கு தானி போட்டுக் கொடுங்கள்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் சாயங்கால வேளையில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். எல்லாம் யாரோ கொடுத்த பழைய லேப்டாப்கள். சிலவற்றில் இன்னும் விண்டோஸ் 7தான். நெட்டுக்கு என் போன் ஹாட்ஸ்பாட். இங்கே நன்றாக ஓடுவது தானி (Thonny). எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில், பைதான் என்ற நிரல் மொழியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கென்றே உருவான இலவச மென்பொருள்.

பைதான் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது, அதுதான் பெரிய நிம்மதி. பைதானைத் தனியாக விண்டோஸில் போட்டால், முதல் திரையின் அடியில் 'பாத்'தில் (PATH, விண்டோஸ் நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கச் சொல்லும் சின்னக் கட்டம் டிக் இல்லாமல் இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் (கமாண்ட் பிராம்ப்ட்) python என்று அடித்தால் விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். ஒரு வரிகூட எழுதிப் பார்க்காத எட்டாம் வகுப்புப் பிள்ளை "எனக்கு இது வராதுக்கா" என்று எழுந்துவிடும். தானியில் இந்தத் தொல்லை இல்லை. முதல்முறை திறக்கும்போது எந்த மொழியில் மெனு வேண்டும் என்று கேட்கும். அப்புறம் மேலே எழுதி, சேமித்து, எஃப்5 அழுத்தினால் கீழே விடை.

விண்டோஸ் 7க்கு பைதான் 3.8 கொண்ட தானியின் 32 பிட் பதிப்பு தனியாக இருக்கிறது, பார்த்து இறக்குங்கள். ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் மற்ற லேப்டாப்களில் போட நெட்டே வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, கணக்கை அது பிரித்துக் காட்டும் விதம். பைதான் 3இல் நாம் கொடுக்கும் மதிப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். விலை = 35, காய் = 4 என்று எழுதி, அடுத்த வரியில் விலை * காய் + 10 கேட்கிறோம். கன்ட்ரோல் எஃப்5 அழுத்திவிட்டு எஃப்7ஐத் தட்டத் தட்ட, 'விலை' இருந்த இடத்தில் 35 வந்து உட்காரும், 'காய்' இடத்தில் 4, பிறகு இரண்டும் சேர்ந்து 140, கடைசியில் 150. போர்டில் எத்தனை தரம் எழுதினாலும் இந்தத் தெளிவு வராது.

குறைகளும் உண்டு. பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும். தமிழ் மீடியம் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். நீளமான லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் வரிகளை) இப்படிப் படிப்படியாக ஓட்டினால் ஆமை வேகம். பெரிய புராஜெக்டுக்கு வேறு கருவி தேடிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பைதானோடு வரும் 'டர்டில்' (turtle) என்ற வரைகருவியால் படம் வரையும் பிள்ளை, ஃபைலுக்கும் turtle என்றே பெயர் வைத்தால் நிரல் ஓடாது. பைதான் தன் டர்டிலை விட்டுவிட்டு அந்த ஃபைலைத்தான் எடுக்கும். பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.