முடியில்லா எலிக்கு ஃப்ளீஸ் தூளி செட், வாங்கலாமா?

முடியே இல்லாத எலி வளர்க்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். ஃப்ளீஸ்ங்கிற மெத்துன்னு இருக்கிற பாலியஸ்டர் துணில தைச்ச இந்த செட்ட வாங்கினவங்க பாதிப் பேர் கலர் நல்லாருக்கு, டிசைன் க்யூட்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க, அவங்க எலிக்கு ரோமம் இருக்கு, துணி எப்படி இருந்தாலும் தாங்கிக்கும். நம்ம பிள்ளைங்களுக்கு அப்படி இல்ல, படுக்கிற துணி நேரா தோல்லயே படுது.

செட்டுல கூண்டுத் தரைக்கு ரெண்டு விரிப்பு, ஒரு தூளி, அப்புறம் பை மாதிரி உள்ள புகுந்து படுத்துக்கிற இன்னொரு தூளி. கையால தைச்சு விக்கிற ஒரு சின்னக் கடை, விலை 25 பவுண்டு கிட்ட வருது. இங்கிலாந்துல நமக்குன்னு பொருள் செய்யறவங்க ரொம்பக் குறைவு, 1976ல ஆரம்பிச்ச நேஷனல் ஃபேன்சி ராட் சொசைட்டிங்கிற செல்ல எலி வளர்க்கிறவங்க சங்கம் கூட முடியில்லாத எலிய ஷோவுல சேர்த்துக்கிறதில்ல. அதனால கிடைக்கிறதுல நல்லதா பாத்து எடுக்கிறதுதான் வழி.

எங்க வீட்ல உருண்டைன்னு ஒருத்தி, மீசை கூட சுருண்டுக்கிட்டுதான் இருக்கும். துணைக்கு கருப்பி, அவளுக்கு முடி உண்டு. எலிய தனியா வளர்க்கவே கூடாது, அதுவும் இந்த ரகத்துக்கு ஒட்டிப் படுக்க ஒரு சூடான உடம்பு கண்டிப்பா வேணும். முடி இல்லாததால சூடு வெளிய போய்க்கிட்டே இருக்கும், அத ஈடுகட்ட சாப்பாடும் தண்ணியும் மத்த எலிய விட அதிகமா உள்ள போகும். லண்டன் குளிர்ல ராத்திரி ஹீட்டிங் நின்னதும் ரூம் 17 டிகிரிக்கு இறங்கிடும், கருப்பி பாட்டுக்கு விளையாடுவா, உருண்டை சுருண்டு ஒடுங்கிடுவா.

பை தூளி வந்த அப்புறம் அது மாறிடுச்சு. உள்ள புகுந்து ஒரு சுத்து சுத்தி, வாய்ப்பக்கத்துத் துணிய பல்லால கவ்வி இழுத்து மேல போட்டுக்கிறா, மூக்கு மட்டும் வெளிய தெரியும். காலைல கைய விட்டுப் பாத்தா உள்ள வெதுவெதுன்னு இருக்கு. ரெண்டு பக்கமும் ஃப்ளீஸ், நடுவுல இன்னொரு லேயர், இந்த விலைக்கு இவ்ளோ தடிமனா நான் வேற எங்கயும் பாக்கல.

இப்ப குறை. பை தூளியோட உள்தையல் ஒரு மூலைல சரியா முடிக்காம நூல் வளையமா தொங்கிட்டு இருந்துச்சு. இது சின்ன விஷயமே இல்லங்க. எலியோட கால் விரல் எவ்ளோ மெல்லிசு, அந்த வளையத்துல மாட்டிச்சுன்னா இழுக்க இழுக்க இறுகி ரத்த ஓட்டமே நின்னுடும். எந்தக் கடைல வாங்கினாலும் சரி, கூண்டுல மாட்டுறதுக்கு முன்னாடி உள்பக்கத்த வெளிய திருப்பி ஒவ்வொரு தையலா விரல வச்சு தடவிப் பாருங்க, தொங்குற நூல ஒட்ட வெட்டிடுங்க. துண்டு மாதிரி சுருள் சுருளா இருக்கிற துணியும் வேண்டாம், நகம் மாட்டும்.

விரிப்பு பத்தி, புதுசுல மூத்திரம் உள்ள இறங்காம மேலயே முத்து முத்தா நிக்குது, ஃப்ளீஸ் அப்படித்தான், ரெண்டு மூணு தடவ வாஷ் பண்ணினா சரியாயிடும். கீழ உறிஞ்சுற துணி ஒன்னு போட்டுக்கணும், ஃப்ளீஸ் தானா உறிஞ்சாது. வாசனை இல்லாத டிடர்ஜென்ட் போதும், ஃபேப்ரிக் கண்டிஷனர் பக்கமே போகாதீங்க, துணி ஈரத்த இறக்குறது நின்னுடும், அந்த வாசனை எலி நுரையீரலுக்கும் ஆகாது. நான் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மாத்துறேன். ஈரத்துலயே படுத்தா வயிறு சிவந்துடும், அமோனியா நெடிக்கு தும்மல் வேற. பைன், சிடார் மரத்தூள் போட்டுக்கிட்டு இருக்கவங்க தயவு செஞ்சு இன்னைக்கே நிறுத்துங்க.

தோல்ல கீறல் முன்ன விட குறைஞ்சிருக்கு, ஆனா அதுல பாதி கருப்பியோட நகம் பண்ற வேலை, துணி அதுக்கு ஒன்னும் பண்ண முடியாது, அவளுக்கு நகம் வெட்டி விடுறேன்.

5க்கு 4 தரலாம். வாங்கினா ரெண்டு செட்டா வாங்குங்க, ஒன்னு காயும்போது இன்னொன்னு கூண்டுல இருக்கணும்.