சேவு வளையலாமா? பூட்டு டப்பாவோடு 14 மாதம்

அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து சீட்டில் இருக்கும் பெண் நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். "அக்கா, நீங்க வாங்கின அந்தப் பூட்டு டப்பா இப்போ 1,299க்கு வந்திருக்கு. வாங்கலாமா?" நான் வாங்கியபோது 2,199. அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்காவது சூடு கூடுதலாகத் தெரிந்தால் 900 ரூபாயைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

டப்பா என்னவென்று பலருக்கும் தெரிந்திருக்கும். மூடியில் ஒரு திருகு. நேரம் வைத்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், நேரம் முடியும்வரை திறக்காது. சாவி கிடையாது, ரகசிய எண் கிடையாது, கெஞ்சினாலும் பயனில்லை. அதற்குத்தான் காசு.

எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், நான் சாத்தூர்க்காரி. அம்மா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் பார்சலில் மிளகு சேவு ஒரு கிலோ, பூண்டு சேவு ஒரு கிலோ அனுப்பிவிடுவாள். கூடவே கோவில்பட்டிக் கடலைமிட்டாய். (2020ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து, ஏதோ லேகியம் அனுப்புவதுபோல அதைச் சேர்த்து அனுப்புகிறாள்.) வீட்டுக்காரருக்கு வீட்டிலிருந்தே வேலை. நாலரைக்கு ஒரு மீட்டிங், அஞ்சரைக்கு ஒரு மீட்டிங், நடுவில் ஒரு கிண்ணம் சேவு. பையன் டியூஷன் முடிந்து ஆறு மணிக்கு வந்ததும் ஒரு கிண்ணம். அத்தைக்கு ஆறரையிலிருந்து சீரியல். விளம்பரம் வரும்போதெல்லாம் கை தானாக டப்பாவுக்குப் போகும். நான் ஏழு மணிக்கு பேங்கிலிருந்து வந்து, தோள்பையைக் கூட இறக்காமல் நின்றபடியே இரண்டு பிடி. யாரும் பசித்துச் சாப்பிட்டதாக நினைவில்லை. ஒரு கிலோ ஐந்து நாள் தாங்காது. 100 கிராம் காராசேவில் ஏறக்குறைய 500 கலோரி இருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டால் வீட்டுக்காரர், "நொறுங்கத் தின்றால் நூறு வயதுன்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க" என்பார். அது நன்றாக மென்று தின்னச் சொன்னது ஐயா, நொறுக்குத்தீனி தின்னச் சொன்னதில்லை. போன வருஷம் அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.2 என்று வந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் என்ன சாப்பிடுறீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அன்று ராத்திரியே ஆர்டர் போட்டேன்.

டப்பா வந்த அன்று அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திருடனுக்குப் பயந்து பூட்டு வாங்குவாங்க. சொந்த வாய்க்குப் பயந்து யாரும்மா வாங்குவா?" பதில் சொல்லத் தெரியவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும். பூட்டில் ஒரு குறையும் இல்லை. பையன் ஸ்பூன் காம்பை விட்டு நெம்பிப் பார்த்தான், காம்புதான் வளைந்தது. காலையில் எட்டே முக்காலுக்கு நான் கிளம்பும்போது 12 மணி நேரம் வைத்துவிட்டுப் போவேன். முதல் வாரம் வீடே அமைதி. ஆனால் நான் ஒன்றை யோசிக்கவில்லை. சரியாக இரவு எட்டே முக்காலுக்கு மோட்டார் 'க்ர்ர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டு திறக்கும். சன்னதியில் திரை விலகும்போது கூட்டம் முன்னால் நகருமே, அந்த மாதிரி மூன்று அறையிலிருந்தும் ஆள் வரும். மனிதர்களுக்குப் பசி காலை எட்டு மணிவாக்கில் அடங்கியும் இரவு எட்டு மணிவாக்கில் உச்சத்திலும் இருக்கிறது, அது சாப்பாட்டு நேரத்தை மட்டும் பொறுத்ததில்லை, உடம்புக் கடிகாரத்தின் வேலை என்று 2013ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. 12 பேரை 13 நாள் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தது. சின்ன ஆய்வுதான். எங்கள் வீட்டு நான்கு பேருக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. பசி உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கதவு திறக்கும்படி நானே கணக்காக வைத்திருக்கிறேன்! பிறகு நேரத்தை விடியற்காலை ஐந்துக்கு மாற்றினேன். அந்த நேரத்தில் யாரும் சேவு தேடி வருவதில்லை.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இந்த டப்பாவுக்குள் காற்று போகும்.

சாப்பாட்டுப் பொருள் வைப்பதற்கென்றே விற்கிற டப்பா. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் இல்லை. பூட்டு நாக்கு நான்கு, அவை போய் உட்கார நான்கு துளை, அந்தத் துளை வழியாக ஊர்க்காற்று முழுக்க உள்ளே. எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரம். துணியே நனைந்த மாதிரி இருக்கும் ஊர். எண்ணெயில் பொரியும்போது மாவிலிருந்து தண்ணீர் வெளியேறுவதால்தான் மொறுமொறுப்பு. காய்ந்த மாவு சும்மா இருக்காது, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சாத்தூர் வெயிலில் தாம்பாளத்தில் திறந்து கிடந்தாலும் சாயங்காலம்வரை சேவு சேவாகவே இருக்கும். இங்கே மூன்றாம் நாள் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தேன். வளைந்தது. சேவு வளையலாமா? எங்கள் ஊரில் யாரிடமாவது சொன்னால் கண்ணீர் விடுவார்கள்.

அம்மாவிடம் இருப்பது எவர்சில்வர் சம்படம், என் பாட்டி காலத்தது. அழுத்தி மூடினால் திறக்க இரண்டு பேர் வேண்டும். அதில் பேட்டரி இல்லை, நேரம் காட்டும் திரை இல்லை, தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு கார்த்திகைவரை மொறுமொறுவென்று இருக்கும். 2,199 ரூபாய்க்கு மோட்டார் வைக்கத் தெரிந்தவர்களுக்குப் பத்து ரூபாய் ரப்பர் வளையம் வைக்கத் தெரியவில்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். 'இது காற்றுப் புகாத டப்பா அல்ல, கையேட்டின் 7ஆம் பக்கத்தைப் பார்க்கவும்.' பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது.

அதன் பிறகு என் மூளை போன போக்கைப் பாருங்கள். துணியில் அரிசி முடிந்து உள்ளே போட்டேன், உப்புக்காற்றுக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? கடைசியில் சேவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி டப்பாவுக்குள் வைத்துப் பூட்டினேன். மொறுமொறுப்பு திரும்பியது. பெரிய விஞ்ஞானி மாதிரி இருந்தது எனக்கு. அந்த ஒரு கிலோ ஐந்தாம் நாள் காலி. விடியற்காலை ஐந்துக்குத் திறந்ததும், நான் பூட்டிவிட்டுக் கிளம்புவதற்குள் ஆளாளுக்கு ஒரு கிண்ணம் எடுத்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பங்கு பிரிண்டருக்குப் பின்னால் இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. கவர் போடாத நாட்களில் ஒரு கிலோ பதினொரு நாள் வந்தது. அம்மா போனில், "சேவு தீந்துருச்சா? தீரலையா? ஏன், கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டானா?" என்று சந்தேகப்பட்டதே அதனால்தான். பூட்டு எங்களை மாற்றவில்லை. நமுத்துப்போன சேவு மாற்றியது. உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கும் சத்தத்தை ஹெட்போனில் கூட்டிக் கேட்கவைத்தால் அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகத் தோன்றுகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டில் 2004ல் காட்டியிருக்கிறார்கள். நாங்களும் இத்தனை வருஷம் பாதி சத்தத்தைத்தான் தின்றிருக்கிறோம் போல. சத்தம் போனதும், ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு வீட்டுக்காரர் மீதியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டு எழுந்தார். பதினெட்டு வருஷத்தில் நான் பார்க்காத காட்சி.

கவரை எடுத்துவிட்டேன்.

எல்லாரிடமும் இது பலித்தது என்று சொல்ல முடியாது. அத்தைக்குப் பல்செட். "இப்போதாம்மா சேவு பல்லுக்கு இதமா இருக்கு" என்று முன்பைவிட அதிகமாகச் சாப்பிட ஆரம்பித்தார். டப்பா அப்போது ஹாலில், டிவிக்கு முன்னால் டீப்பாயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பா திறந்திருந்த நேரம் கிரிக்கெட் ஓடியது. வீட்டுக்காரரும் நமுத்ததையே முழுக்கிண்ணம் தின்று முடித்தார், முகம் சுளிக்காமல். 2011ல் அமெரிக்காவில் வெளியான பாப்கார்ன் ஆய்வு பற்றிப் பிறகு படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. தியேட்டரில் பாப்கார்ன் தின்றே பழகியவர்கள் ஏழு நாள் பழைய பாப்கார்னையும் புதியதற்குச் சமமாகவே தின்றிருக்கிறார்கள். அதே பழக்கமுள்ள வேறு ஆட்களை வேறொரு அறையில் உட்காரவைத்தபோது, பழசு பிடிக்காமல் குறைத்துக்கொண்டார்கள். தியேட்டரிலேயே பழக்கமில்லாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னபோதும் அப்படித்தான். இதைச் சொன்னதும் பையன், "அப்போ எல்லாரும் இடது கையால சாப்பிடலாம்மா" என்றான். அத்தை பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்தது.

இடத்தை மாற்றினேன். டப்பா இப்போது சமையலறையில், ஃபிரிஜ் மேல். கிண்ணம் கொடுப்பதில்லை, வேண்டுமென்றால் அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். நின்றுகொண்டு நமுத்த சேவு தின்ன மனுஷனுக்கு மனசு வராது. அத்தைக்குக்கூட முட்டிவலி, போவதில்லை. ஐந்து மணிக்குச் சுண்டல் அவித்து வைக்கிறேன், சில நாள் வேர்க்கடலை. வாரத்தில் ஒரு நாள் தெருமுனைக் கடையிலிருந்து பஜ்ஜி வருகிறது. எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். சர்க்கரை 5.9க்கு இறங்கியிருக்கிறது, ஆனால் அவர் நடக்கவும் ஆரம்பித்திருக்கிறார்; அந்தப் பெயரை டப்பாவுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஜூலையில் ஒரு நாள் நேரம் பூஜ்யம் காட்டியும் திறக்கவில்லை. பேட்டரி மாற்றினேன், தலைகீழாகத் தட்டினேன், அசையவில்லை. உள்ளே முக்கால் கிலோ சேவு, வெளியே நாங்கள். வாரண்டி முடிந்து இரண்டு வாரம். மார்க்கெட் பக்கத்தில் மிக்சி ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றி டூத்பிரஷ்ஷால் தட்டினார், பற்சக்கரத்திலிருந்து ஒரு கரண்டி சேவுத்தூள் கொட்டியது. "திங்கிற சாமான் வைக்கிற டப்பாங்கிறான், தூள் இறங்கும்னு தெரியாதா அவனுக்கு?" என்று என் சார்பில் அவரே கோபப்பட்டார். 150 ரூபாய். காற்றும் அந்த வழியாகத்தான் போகிறது என்று ஒரு ரப்பர் வளையம் வெட்டிப் போட்டுத் தரவா என்றும் கேட்டார். பதறிப்போய் வேண்டாம் என்றேன். மனிதர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

ஆக, அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பிய பதில்: வாங்காதே. 1,299க்கும் வேண்டாம், 299க்கும் வேண்டாம். சேவை நமுக்க வைக்க மோட்டார் எதற்கு? சம்படத்து மூடியை ராத்திரி திறந்து வைத்தால் காசில்லாமல் நமுக்கும்.

உடனே பதில் வந்தது. "அப்போ உங்களோடதை எனக்குக் குடுத்துடுங்கக்கா, நான் ஒரு மாசம் வெச்சுப் பாக்குறேன்."

தர முடியாது என்றேன். வெள்ளிக்கிழமை சாத்தூர் பார்சல் வருகிறது.