‘அனுமதி முறை இருக்கு’ என்று விற்கும் மென்பொருள்: காசு கட்ட முன் சோதித்துப் பாருங்கள்

கடை, களஞ்சியம், கணக்குப் பிரிவு என்று தனித்தனி இடங்களில் ஆள் வைத்து யாழ்ப்பாணத்தில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை. எங்கள் கட்டடப் பொருள் வியாபாரத்துக்குக் கொள்வனவு மென்பொருள் ஒன்றை 385,000 ரூபாவுக்கு வாங்கினோம். “ஒவ்வொரு படியையும் அதற்குரிய ஆள் மட்டும்தான் முடிக்கலாம்” என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்தக் கட்டுப்பாடு அதில் இல்லவே இல்லை.

நாங்கள் கேட்டது ஆறு படி. கடைப் பொறுப்பாளர் கோரிக்கை போடுவார். கொள்வனவு எழுதுவினைஞர் விலை கேட்டுக் கட்டளை எழுதுவார். 100,000 ரூபா வரை முகாமையாளரும் அதற்கு மேல் முதலாளியும் அனுமதிக்க வேணும். சாமான் இறங்கியதும் களஞ்சியப் பொறுப்பாளர் எண்ணிப் பெறுகைக் குறிப்பு எழுதுவார். கட்டளை, பெறுகைக் குறிப்பு, விற்றவரின் சிட்டை மூன்றையும் கணக்குப் பிரிவு ஒப்பிடும். கடைசியில் காசோலை. கேட்டவரே அனுமதிக்கவும் எண்ணியவரே காசு கொடுக்கவும் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

நல்லூர்த் தேர் அன்று அலுவலகம் பூட்டு, களஞ்சியம் மட்டும் அரைநாள் திறந்திருந்தது. அன்று காலை 40 பை சீமெந்துக் கட்டளை ஒன்று ‘அனுமதிக்கப்பட்டது’ என்று மாறியிருந்தது. அனுமதித்தவர் என்ற இடத்தில் முகாமையாளரின் பெயர். உள்நுழைவுப் பதிவை எடுத்துப் பார்த்தால் அவர் அன்று உள்ளே வரவேயில்லை, வந்தது களஞ்சியத்து டப்லெட். பொது மின்னஞ்சலுக்கு வந்த இணைப்பைக் களஞ்சியப் பொறுப்பாளர் தொட்டிருக்கிறார். பச்சைப் பொத்தான் வந்தது, சாமான் வந்ததை உறுதிப்படுத்தச் சொல்கிறது என்று நினைத்து அழுத்தியிருக்கிறார். அவரில் பிழை இல்லை. அந்தப் பொத்தான் அவருக்கு வந்திருக்கவே கூடாது.

காரணம் இதுதான். அந்த மென்பொருளில் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது வெறும் பெயர்ச்சீட்டு. யாருக்கு அறிவித்தல் போக வேணும் என்பதை மட்டும் அது தீர்மானிக்கும், யார் முடிக்கலாம் என்பதை அல்ல. பணிப்பட்டியலில் திருத்தும் உரித்து உள்ள எவரும் எவருடைய பணியையும் முடிக்கலாம். அதைவிட மோசம், முடித்தவரின் பெயரை எழுதாமல் ஒதுக்கப்பட்டவரின் பெயரையே பதிவு எழுதிக்கொள்கிறது. நாளைக்கு ஒரு களவு நடந்தால் மாட்டுவது ஒன்றும் அறியாத முகாமையாளர்.

விற்றவர்களைக் கேட்டோம். “அது சின்ன விசயம் அண்ணை, பொத்தானை மறைச்சு விடுறம்” என்றார்கள். மறைத்தார்கள். பழைய இணைப்பை நேரே திறந்தால் அனுமதி அப்படியே விழுந்தது. எக்செல் கோப்பில் நிலையை ‘அனுமதி’ என்று மாற்றி ஏற்றினாலும் விழுந்தது. திரையில் மறைப்பது பூட்டு ஆகாது. ஒவ்வொரு முறையும் “இந்த ஆளுக்கு இந்தப் படியில் உரித்து உண்டா” என்று சேர்வர் பக்கம் பார்க்க வேணும். இணையச் செயலிகளின் பத்துப் பெரிய ஆபத்துகள் என்று, மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் (OWASP) அமைப்பு 2021இல் வெளியிட்ட பட்டியலில் முதலாவது இந்தக் குறைதான். விற்றவர்கள் அறியாமல் செய்த வேலை என்று எங்களால் எடுக்க முடியவில்லை, ஏனென்றால் சரியாகச் செய்து தர இன்னொரு 95,000 ரூபா கேட்டார்கள்.

விளக்கக் காட்சியில் விற்பவர் எப்போதும் நிர்வாகி கணக்கில்தான் காட்டுவார். அதில் எல்லாம் திறக்கும், ஒன்றும் தெரிய வராது. உங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் பெயரில் ஒரு கணக்கைத் திறக்கச் சொல்லி, உங்கள் கையால் சோதியுங்கள். முகாமையாளருக்கு வந்த அனுமதி இணைப்பை அந்தக் கணக்கில் ஒட்டித் திறவுங்கள். ஃபோன் செயலியிலும் அதையே செய்யுங்கள், கணினியில் பூட்டியது அங்கே திறந்திருப்பது வழமை. பிறகு 100 பைக்கு அனுமதி வாங்கிவிட்டு 150 என்று திருத்துங்கள். திருத்த விடவே கூடாது, விட்டால் அனுமதி கழன்று முதல் படிக்குத் திரும்ப வேணும். 160,000 ரூபாக் கட்டளையை 80,000 வீதம் இரண்டாகப் பிரித்து ஒரே விற்பனையாளருக்குப் போட்டுப் பாருங்கள், முதலாளியைத் தாண்டிப் போகிறதா என்று தெரியும். கடைசியில் பதிவை வடிவாகப் பாருங்கள். ஒதுக்கப்பட்டவர், உண்மையில் முடித்தவர், நேரம் மூன்றும் தனித்தனியே இருக்க வேணும், நிர்வாகியாலும் அழிக்க முடியக் கூடாது.

தான் எழுதியதைத் தானே அனுமதிப்பது தனிச் சோதனை. இலவசமாகக் கிடைக்கும் ஈஆர்பி நெக்ஸ்ட் (ERPNext) என்ற வியாபார மென்பொருளில்கூட ஒவ்வொரு நிலைமாற்றத்துக்கும் எந்தப் பாத்திரம், அதாவது எந்தப் பொறுப்பில் உள்ளவர், என்று குறிக்கும் இடம் உண்டு. பக்கத்தில் சுய அனுமதிக்கான கட்டமும் உண்டு. அந்தக் கட்டம் ‘சரி’ அடையாளம் போட்டபடியே வரும், நீங்கள்தான் எடுத்துவிட வேணும். நிறுவித் தருகிறவர் எடுத்தாரா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். முகாமையாளராக இருப்பவருக்கு எழுதுவினைஞர் பாத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், அந்தக் கட்டத்தால்தான் அவரைத் தடுக்கலாம்.

லீவில் போகிறவரின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போவது எங்கள் ஊரில் பரவலான பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கைவிடுங்கள். பதில் ஆளுக்கு அவருடைய சொந்தக் கணக்கிலேயே தற்காலிக அதிகாரம் கொடுக்க முடிய வேணும், முடியும் திகதியோடு. எங்களுடையதில் திகதிக் கட்டம் இருந்தது, நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்கு என்று போட்டோம். 26ஆம் நாளும் அந்த அதிகாரம் வேலை செய்தது.

எந்தப் படியை யார் முடிக்கலாம், யார் முடிக்கக் கூடாது என்று ஒரு அட்டவணை எழுதி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். ‘கூடாது’ என்ற ஒவ்வொரு கட்டமும் ஒரு சோதனை. எல்லாம் தேறும்வரை 30 வீதத்தைக் கையில் வைத்திருங்கள். நாங்கள் முழுக் காசையும் நிறுவிய அன்றே கொடுத்தோம், ஒரு சதமும் திரும்பவில்லை. இப்போதே இதே நிலையில் இருக்கிறவர்கள், விற்றவரோடு வாக்குவாதப்பட முன் தரவு முழுவதையும் எக்செலில் இறக்கி உங்கள் கணினியில் வையுங்கள். சேர்வர் திறப்பு அவர்கள் கையில்.